தில்லிக்குக் கட்டிய பட்டுச்சேலை

கல்யாணமாகித் திருவனந்தபுரத்து ஆரியசாலைக்கு வந்த புதிது. ஒரு காலையில் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு பெண்மணி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் அரக்கு நிறப் பட்டுச்சேலை, காதில் கம்மல், இடுப்பில் மடித்துச் செருகிய கைக்குட்டை, முகத்தில் அப்போதுதான் பூசிய பவுடர். எங்கே கல்யாணம் என்று கேட்டேன். தில்லியில் என்றாள். அப்படியானால் ரயிலுக்கு நேரமாகவில்லையா என்று நான் பதறியதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் டிவியைக் காட்டி, பொத்தானை அமுக்கச் சொன்னாள். அமுக்கினேன். குடியரசு தின அணிவகுப்பு தொடங்கிக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியில் முதுகு சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, முன்வரிசையில் இடம் கிடைத்த விருந்தாளியாகப் பார்க்கத் தொடங்கினாள்.

தெருவுக்கெல்லாம் அவள் அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் என்று ஒன்று இருந்தது, ஆனால் அதைச் சொல்லி யாராவது விசாரித்து வந்தால் நாங்களே கொஞ்சம் யோசிக்கவேண்டியிருக்கும். இப்போது அவள் பெங்களூரில் தம்பி மகளோடு இருக்கிறாள். அவள் குடியிருந்த வீட்டில் வத்தல் மிளகாய் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் அந்த இடம் வந்ததும் தும்முகிறார்கள். நான் மட்டும் வேறு காரணத்துக்காகவும் மூக்கைத் துடைத்துக்கொள்கிறேன்.

டிவியில் பெரிய நிகழ்ச்சி எது வந்தாலும், தன்னை அழைத்திருக்கிறார்கள் என்பது அவளுடைய எண்ணம். அழைத்தால் மரியாதையாகப் போகவேண்டாமா? குளித்து, உடுத்தி, குத்துவிளக்கை ஏற்றச் சொல்லி, அப்புறம்தான் டிவி. அவள் வீட்டில் டிவி முன்னால் காலை நீட்டக்கூடாது, படுக்கக்கூடாது. தேசியகீதம் வந்தால் எழுந்து நிற்கவேண்டும். வாயில் முறுக்கு இருந்தால் அது முடியும்வரை மெல்லாமல் அப்படியே வைத்திருக்கவேண்டும். என் வீட்டுக்காரர் ஒருமுறை லுங்கியோடு வந்து நின்று, கிரிக்கெட் ஸ்கோர் என்ன ஆச்சு, கொஞ்சம் சேனலை மாற்றுங்கள் என்றார். சுதந்திர தினக் கொடியேற்றம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு விசேஷ வீட்டுக்கு வருகிறவர் வேட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்றாள். அதற்கப்புறம் அவர் எதிர்வீட்டுக்குப் போகும்போதெல்லாம், எதற்கும் இருக்கட்டும் என்று ஒருமுறை தன் இடுப்பைக் குனிந்து பார்த்துக்கொள்வார்.

லண்டனில் ஒரு இளவரசனுக்குக் கல்யாணம் நடந்தபோது டிவிக்கு முன்னால் சந்தனக் கிண்ணமும் கற்கண்டும் வைத்திருந்தாள். பெண்ணின் உடுப்பு தரையெல்லாம் பெருக்கிக்கொண்டு போவதைப் பார்த்து, யாராவது மிதித்துத் தொலைக்கப்போகிறார்கள் என்று கடைசிவரை தவித்துக்கொண்டே இருந்தாள். அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு கறுப்பினத்தவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது அங்கே கடுங்குளிர். அக்கா பட்டுச்சேலைக்குமேல் ஒரு கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது, ஃபேன் முழு வேகத்தில் ஓடியது. அவ்வளவு குளிரில் போர்வை இல்லாமல் போய் நிற்க முடியுமா என்று என்னிடமே திருப்பிக் கேட்டாள். அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும், இத்தனை பேருக்கும் சோறு எங்கே வைத்துப் போடுகிறார்கள் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

சாவு என்றால் முறை வேறு. பெரிய தலைவர் யாராவது இறந்து இறுதி ஊர்வலத்தைக் காட்டினால் வெளுத்த பருத்திச் சேலையோடு தரையில் உட்கார்வாள். அடுப்பு பற்றவைக்கமாட்டாள். எல்லாம் முடிந்து தலைக்குக் குளித்த பிறகுதான் காப்பி. எங்கோ சாம்பல் ஆனவருக்காக ஆரியசாலையில் ஒருத்தி ஈரத்தலையோடு நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவள் முகத்தைப் பார்த்தால் அடங்கிவிடும்.

இந்த இரண்டு முறைகளுக்கும் நடுவே ஒரு வித்தியாசம் இருந்தது. எனக்கு அது உறைக்கப் பல வருஷங்கள் ஆயின. நல்ல காரியம் என்றால் டிவியைப் போடுவதற்கு என்னைக் கூப்பிடுவாள். விளக்கையும் நான்தான் ஏற்றவேண்டும். பொத்தான் போய் ரிமோட் வந்த பிறகும் அப்படித்தான். ஒருநாள் அடுப்பில் மீன்குழம்பைப் போட்டுவிட்டு ஓடினேன். ரிமோட் அவளுடைய கைக்கு எட்டும் இடத்தில் கிடக்கிறது, அவள் எனக்காகக் காத்திருக்கிறாள். உங்களுக்குக் கை இல்லையா அக்கா என்று சள்ளென்று விழுந்தேன். "நல்ல காரியம்லா ஏட்டி, நீ போடு" என்று சிரித்தாள். சாவு ஊர்வலங்களை அவளே போட்டுக்கொள்வாள். அதற்கு என்னைக் கூப்பிட்டதே இல்லை.

அவளுக்குக் கல்யாணமான சில வருஷங்களிலேயே கணவர் போய்விட்டார். பக்கத்துச் சாலைக்கடை பஜாரில் கொத்தமல்லி வியாபாரம் செய்தவர், ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் இல்லை. அவள் அழுது நான் பார்த்ததில்லை. அந்தக் காலமெல்லாம் நான் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. நான் பார்த்ததெல்லாம் அவளே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டங்களைத்தான். இந்தத் தெருவில் இப்போது யாரும் அப்படிச் சகுனம் பார்ப்பதில்லை. பார்க்கிற ஒரே ஆள் அவள், அதுவும் தன்னைத்தான் பார்த்தாள்.

காலையில் கதவை ஒரு விரல்கடை திறந்து தெருவை எட்டிப் பார்ப்பாள். யாராவது வேலைக்கோ கடைக்கோ கிளம்பிக்கொண்டிருந்தால் டக்கென்று உள்ளே போய்விடுவாள். வெளியே அவள் உடுத்தியதெல்லாம் வெளிறிய சேலைதான், நிறமெல்லாம் டிவிக்குத்தான். தெருமுனையில் ஆட்டோ போடுகிற மலையாளி ஒருவர் இருந்தார். அவர் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். காலையில் வண்டியை அவள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தி, ஹாரன் அடித்து, "சேச்சீ, முகம் ஒந்நு காணிச்சே, ஞான் போட்டே" என்பார். முகத்தைக் காட்டினால்தான் முதல் சவாரிக்குப் போவேன் என்று அடம். அக்கா உள்ளேயிருந்து அவரைத் திட்டுவாள். அவர் இன்னும் ஹாரன் அடிப்பார். பின்னால் மாட்டிக்கொண்ட மூட்டை வண்டிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அவளைக் கெஞ்சுவார்கள். ஒருநாளும் அவள் வெளியே வந்ததில்லை. அவரும் ஒருநாளும் விட்டதில்லை.

ஊரே அடுப்பு வைக்கும் ஆற்றுக்கால் அம்மன் பொங்காலை அன்றைக்குத்தான் அவள் பகலில் தெருவுக்கு வருவாள். அம்மைக்கு முன்னால் எல்லோரும் ஒன்று என்று அவளே சொல்வாள். ஆனால் அன்றைக்கும் அவளுடைய செங்கல் அடுப்பு வரிசையின் கடைசியில், நிறுத்திப்போட்ட லாரிக்குப் பின்னால்தான் இருக்கும். சாமி கடலில் நீராடப் போகும் கோயில் ஆறாட்டு ஊர்வலம் நடந்து போனால் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் போகும். அதையும் அவள் பட்டுச்சேலை கட்டி டிவியில்தான் பார்த்தாள்.

என் மகள் வளர்ந்தது அவள் வீட்டில். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் குமாஸ்தா. காலையில் பிள்ளையை அவளிடம் விட்டால் சாயங்காலம்தான் வாங்குவேன். சோறு ஊட்டியது, சடை பின்னியது, காய்ச்சலுக்குப் பற்றுப் போட்டது எல்லாம் அவள். மகள் அவளைப் பெரியம்மா என்று கூப்பிட்டாள். தேசியகீதத்துக்கு முறுக்கை மெல்லாமல் நிற்க அவளுக்கு ரொம்பச் சின்ன வயசிலேயே தெரியும். ஆனால் பிள்ளையை முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய அன்று பெரியம்மாவைக் காணவில்லை. பிள்ளை பெரியம்மா பெரியம்மா என்று வீரிட்டு அழுதது. ஆட்டோ கிளம்பி முனை திரும்பியபோது நான் தற்செயலாக மேலே பார்த்தேன். மச்சு ஜன்னலில், அரைக் கதவுக்குப் பின்னால், அரக்குப் பட்டு தெரிந்தது.

எங்கள் வீடுகளில் எந்த விசேஷம் நடந்தாலும் அக்கா இல்லாமல் அடுப்பு எரியாது. சமையல்காரர்களை விரட்டுவதும், அவியலுக்கு உப்பு பார்ப்பதும், பாயசத்தை அளந்து ஊற்றச் சொல்வதும் அவள்தான். தாலி கட்டும் நேரம் வந்தால் சமையல்கட்டு வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். முன்னால் வாருங்கள் என்று கூப்பிட்டால் எப்போதும் ஒரே பதில்தான். "இங்கேருந்து பாத்தாத்தான் எல்லாம் தெரியும்." அவ்வளவு நம்பும்படி சொல்வாள். நல்ல இடமாகத்தான் பிடித்திருக்கிறாள் என்று நானும் நினைத்துக்கொள்வேன்.

மகளுக்கு நாகர்கோவிலிலிருந்து ஒரு வரன் அமைந்தது. ஆடி கழிந்து ஆவணியில் நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று. எல்லாம் பேசி முடித்துவிட்டு வந்தவர்கள் வண்டியேறியதும், மகள் என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னாள். தனக்கு முதல் சந்தனம் பெரியம்மாதான் வைக்கவேண்டும், முன்வரிசையில் உட்காரவேண்டும், இல்லையென்றால் தான் மேடைக்கு வருவதாக இல்லை. விளையாட்டாகச் சொல்லவில்லை. என் மகள் பிடித்தால் பிடித்ததுதான். அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் எதிர்வீட்டைக் காட்டினேன்.

அன்றைக்கே போய்க் கேட்டேன். அக்கா கேட்டுவிட்டு, நிச்சயத்துக்குப் பால்பாயசமா அடைப்பிரதமனா என்று பேச்சை மாற்றினாள். விடவில்லை. இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்றேன். மாப்பிள்ளை வீட்டாரிடமும் சொல்லியாயிற்று, அவர்களுக்குச் சந்தோஷம்தான் என்றேன். எதற்கும் அசையவில்லை. பிள்ளையுடைய முதல் காரியம், அதில் தன் கை படவேண்டாம் என்று மெதுவாகச் சொன்னாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"டிவியிலே ஊருக்கு முந்திப் போய் இருக்கீங்க. எங்க வீட்டுக்கு மட்டும் வரமாட்டீங்க, இல்லியா?"

அவள் கோபப்படவில்லை. என் கன்னத்தைத் தட்டிவிட்டுச் சொன்னாள்.

"டிவியிலே உள்ளவங்களுக்கு என்னெத் தெரியாதுல்லா ஏட்டி. நா பாக்கதுனாலே அவங்களுக்கு ஒண்ணும் வராது. தொடங்கி வெக்கதும் நீதானே."

ரிமோட் சங்கதி அப்போதுதான் எனக்கு விளங்கியது. எத்தனை வருஷம் என்னை அடுப்படியிலிருந்து ஓடவைத்திருக்கிறாள். நாட்டுக்கும், லண்டன் மாப்பிள்ளைக்கும், அமெரிக்காவுக்கும் தன்னால் ஒரு கெடுதல் வந்துவிடக்கூடாது என்று நினைத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினேன். சத்தம் கேட்டு மகள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஆடி பிறந்தது. இங்கே அதைக் கர்க்கடகம் என்கிறோம். விடாத மழை, துணி காயாத மாதம். அந்த மாதத்தில்தான் நாட்டுக்குப் புதிய ஜனாதிபதி பதவியேற்றார். பழங்குடி மக்களிலிருந்து அந்த இடத்துக்கு வரும் முதல் ஆள், ஒரு பெண். முன்பு டீச்சராக இருந்தவர் என்று பேப்பரில் படித்ததும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தேர்தல் முடிவு வந்த நாளிலிருந்தே கேட்கத் தொடங்கிவிட்டாள், அன்றைக்கு லீவு போடுவாயா மாட்டாயா என்று. அவள்மேல் எனக்கிருந்த வருத்தம் தீரவில்லை. இருந்தாலும் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தேன். மகளும் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் லாப்டாப்பை மூடி வைத்துவிட்டு வந்தாள்.

அரக்குப் பட்டு, பவுடர், கைக்குட்டை. வழக்கம்போல விளக்கு ஏற்றினேன், வழக்கம்போல ரிமோட்டை என்னிடம் நீட்டினாள், போட்டேன். வெளியே மழை கொட்டியது. டிவியில் கார்களும் குதிரைப் படையும் காட்டினார்கள். புதியவரைப் பக்கத்தில் காட்டியதும் அக்கா முன்னால் குனிந்தாள்.

"நல்ல காரியத்துக்கு வெள்ளையா கட்டியிருக்கா?"

அது அவர்கள் மக்கள் நெய்கிற சேலை, அவர்கள் விசேஷத்துக்கு உடுத்துவது என்று மகள் விளக்கினாள். வெள்ளையில் பச்சையும் சிவப்புமாகக் கரை ஓடியது. அக்கா ஒத்துக்கொண்ட மாதிரி தலையாட்டிவிட்டு, கூட்டத்தில் யாரையோ தேடினாள்.

"மாப்பிள்ளை எங்கே? பக்கத்திலே காணல்லையே."

மகள் என்னைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன். கடைசியில் மகள்தான் சொன்னாள். கணவர் இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. ஆண்பிள்ளைகள் இரண்டு பேரும் அதற்கு முன்பே போய்விட்டார்கள்.

எந்தக் கல்யாணத்திலும் எந்தப் பதவியேற்பிலும் வாய் மூடாதவள் இடுப்பிலிருந்த கைக்குட்டையை எடுத்து மடியில் விரித்து நீவினாள். பிறகு, "பின்னே இண்ணு முன்னாலே நிண்ணு எல்லாம் ஆரு செய்யா?" என்று கேட்டாள்.

"அவங்கதான் பெரியம்மா. அவங்களேதான்."

சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. காற்றில் எங்கோ தென்னை மட்டை கம்பியில் விழுந்திருக்கவேண்டும். மகள் போனில் பார்க்கலாம் என்று எடுத்தாள், மழையில் அதிலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்துக் கடையில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அங்கே டிவி ஓடுகிறதா என்று பார்க்க நான் குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மகள் மாடியில் சிக்னல் கிடைக்குமா என்று பார்க்கப் போனாள். அக்கா இருட்டறையில் விளக்குக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் ஷட்டரைத் திறக்கவே இல்லை. பாதித் தெருவில் நனைந்துகொண்டு நான் திரும்பும்போது வீடுகளில் விளக்கு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது. கரண்ட் வந்தாலும் எங்கள் டிவிகள் தானாக ஓடுவதில்லை, ரிமோட்டை அமுக்கவேண்டும். நான் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், இந்த மனுஷி கையைக் கட்டிக்கொண்டு கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எரிச்சலோடு ஓடினேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து டிவி சத்தம் கேட்டது. மகள் மாடிப்படியில் பாதியில் நின்றிருந்தாள். உதட்டில் விரலை வைத்து என்னை நிறுத்தினாள். உள்ளே அக்கா நின்றுகொண்டிருந்தாள், கையில் ரிமோட். திரையில் அந்த வெள்ளைச்சேலைப் பெண்மணி உறுதிமொழியைச் சொல்லிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் பெரிய பெரிய ஆட்கள் எல்லோரும் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த ரிமோட்டையும் பார்த்தாள்.

"நேரம் போகுல்லா" என்றாள்.

அவ்வளவுதான். நான் குடையை வாசலில் சாய்த்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். மூன்று பேரும் நனைந்தது பாதி, நனையாதது பாதியாக நின்றபடியே பார்த்தோம். பழைய ஜனாதிபதியும் புதியவரும் எழுந்து நாற்காலி மாறி உட்கார்ந்தார்கள். அதுதான் அங்கே சம்பிரதாயம். அக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று. இவ்வளவு பெரிய பதவியைக் கொடுப்பதும் வாங்குவதும் எழுந்து மாறி உட்கார்வதிலேயே முடிந்துவிடுகிறதே என்று வியந்தாள். எழுந்து கொடுத்தவர் முகத்தில் ஒரு கோணல் உண்டா என்று எங்களைக் கேட்டாள். பீரங்கிகள் முழங்கியபோது, கோயிலில் வெடி வழிபாடு நடக்கிற மாதிரி கைகூப்பினாள். அன்றைக்குச் சாயங்காலம் தெருவில் எல்லா வீட்டுக்கும் பாயசம் போயிற்று. என்ன விசேஷம் என்று கேட்டவர்களை உள்ளே கூப்பிட்டு, இரண்டு நாற்காலிகளைப் போட்டு, யார் எங்கே இருந்தார், யார் எப்படி எழுந்தார் என்று நடித்தே காட்டினாள். ஆட்டோக்காரருக்கு இரண்டு தம்ளர் கொடுத்தாள். ஆனால் ஜன்னல் வழியாகத்தான் கொடுத்தாள்.

அதனால் நான் ரொம்ப நம்பிக்கை வைக்கவில்லை. அடுத்த நாள் காலையிலும் கதவு ஒரு விரல்கடைதான் திறந்தது. நிச்சயதார்த்தத்தைப் பற்றி மறுபடியும் கேட்கட்டுமா என்று மகளிடம் யோசனை கேட்டேன். வேண்டாம், விடு என்றாள். ரிமோட்டை அமுக்கியதும் மேடைக்கு வருவதும் ஒன்றா, நான் பாட்டுக்கு ஒன்று கேட்டு அவள் பாட்டுக்கு ஒன்று சொல்லி, நிரந்தரமாக முடிந்துவிடும் என்று எனக்கும் பயம்தான். அக்கா சமையலுக்கு வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் வாங்கிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருநாள் மட்டும் அவளைக் காணவில்லை. எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, பாலராமபுரத்தில் ஒரு வேலை என்றாள்.

ஆவணி வந்தது. பக்கத்திலேயே, வலியசாலையில் சின்ன மண்டபம். விடிந்ததிலிருந்து அக்கா சமையல்கட்டில் நின்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் அதே முக்காலி. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், காப்பி குடித்தார்கள், முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். தட்டுகளில் சேலையும் பழமும் பூவும் தயாராக இருந்தன. என் மாமியார் இல்லை, அதனால் சந்தனக் கிண்ணத்துக்கு முன்னால் நடு நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். பெண்ணை அழைத்து வாருங்கள் என்றார்கள். பெண் வரவில்லை. உடுத்தும் அறையில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு, தான் சொன்னது சொன்னதுதான் என்று சொல்லியனுப்பினாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ராகுகாலம். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். மாப்பிள்ளையின் அம்மா, நல்ல மனுஷி, தலைவலியா என்று விசாரித்தாள்.

சமையல்கட்டுக்கு ஓடினேன். முக்காலி காலியாகக் கிடந்தது. அக்கா எங்கே என்று கேட்டால், பாயசத்தை இறக்கச் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள் என்றார் சமையல்காரர். வீட்டுக்கே போய்விட்டாளா? திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வது, உள்ளே இருக்கும் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று எதுவும் ஓடவில்லை.

அப்போது மண்டப வாசலில் ஆட்டோ ஹாரன் கேட்டது. ஒருமுறை இரண்டுமுறை அல்ல, கல்யாண ஊர்வலத்துக்கு அடிப்பதுபோல விடாமல் அடித்தார் அந்த மனுஷர். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா முன்வாசல் வழியாக வந்தாள். அரக்குப் பட்டு இல்லை. கோடித் துணியின் மொடமொடப்போடு ஒரு வெள்ளைச் சேலை, ஓரத்தில் பச்சையும் சிவப்புமாகக் கரை. பாலராமபுரத்துத் தறியில் கரையின் நிறத்தைச் சொல்லி நெய்து வாங்கியிருக்கிறாள். முகத்தில் பவுடர், இடுப்பில் கைக்குட்டை. நாற்காலிகளுக்கு நடுவே யாருக்கும் ஒதுங்காமல் நேராக நடந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"ஏட்டி, எழும்பு. மாறி இருக்கணும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. நான் எங்கே போய் இருப்பது என்று கேட்டேன்.

"எனக்க முக்காலி அங்கே கெடக்குல்லா" என்றாள்.

எழுந்தேன். முகத்தில் கோணல் இல்லாமல்தான் எழுந்தேன், அவள் அதைக் கவனிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் உட்கார்ந்தாள். உடுத்தும் அறைக் கதவு திறந்த சத்தம் கேட்டது. நான் போய்ச் சமையல்கட்டு வாசலில் முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

இங்கேருந்து பார்த்தால்தான் எல்லாம் தெரியும் என்று இத்தனை வருஷமாக அவள் சொல்லிவந்தது சுத்தப் பொய். அங்கிருந்து மேடை தெரியவில்லை, மாப்பிள்ளை தெரியவில்லை, குனிந்து சந்தனம் வாங்கிக்கொண்ட என் மகளின் முகமும் தெரியவில்லை. முன்வரிசைக்காரர்களின் முதுகுகள்தான் தெரிந்தன. நடுவில் ஒன்று வெள்ளையாக, நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்திருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.